மேலே ஊதா, கீழே மஞ்சள்

கோட்டூர் ரோட்டு வளைவில்
பெடலை மிதித்தேன்.
கால் தரையைத் தொட்டது, கார் நிற்கவில்லை.
இரண்டாம் கியர், கைப்பிரேக்,
அப்புறம் யாரோ உலரக் கொட்டியிருந்த நார்க்கழிவுக் குவியல்.
அதில் முகம் புதைத்து நின்றது
அறுபத்தேழாம் வருஷத்து ஹெரால்டு.
எனக்கு ஒன்றுமில்லை.
தலைமுடியில் மட்டும் மூன்று நாள் தேங்காய்த் தூசி.

வருஷத்துக்கு இரண்டு தரம் வெளியே வரும் வண்டி.
மாசாணியம்மன் குண்டத்துக்கு ஒன்று,
யாராவது கட்டிக்கொண்டால் அதற்கு ஒன்று.
மீதி நாளெல்லாம் கொப்பரைக் கிட்டங்கியில்
தார்ப்பாய்க்குள்.

பாகம் பிரித்தபோது
தோப்பை வரிசை எண்ணிப் பிரித்தோம்.
கிணற்றை நேரம் பார்த்துப் பிரித்தோம்:
பகல் தண்ணி தண்டபாணிக்கு, ராத்திரித் தண்ணி எனக்கு.
காரை எங்கே அறுப்பது?
'பொதுவில் இருக்க வேண்டியது' என்று பத்திரத்தில் ஒரு வரி.
சாவி இரண்டு.
அக்கா தம்பி பேச்சு அன்றைக்கு நின்றது,
ஏழு வருஷம்.

ஜபருல்லா பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி
டார்ச் அடித்தார்.
மேலே ஊதா.
கீழே மஞ்சள், மஞ்சளென்றும் சொல்ல முடியாது,
கருப்பட்டி கரைத்த தண்ணி.
நடுவில் கத்தியால் கிழித்த மாதிரி ஒரு கோடு.
"ரெண்டு பேர் ஊத்தியிருக்கீங்க" என்றார்.
"ஒருத்தர் ஊத்துனது இன்னொருத்தருக்குத் தெரியாது."

ஊதா நான். சிலிக்கான்.
கோயமுத்தூர் போய்க் கேட்டு வாங்கினேன்.
ஈரம் குடிக்காது, சிந்தினால் பெயிண்ட் உரியாது,
நின்றே கிடக்கிற வண்டிக்கு இதுதான் என்றார்கள்.
ஒருதரம் ஊற்றிவிட்டு மறந்துவிடலாம்.
அதுதான் எனக்குப் பிடித்தது.
பழசை முழுக்கக் கழுவணும், ரப்பரெல்லாம் மாற்றணும் என்று
டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருந்தான்.
அன்றைக்குக் கண்ணாடி எடுத்துப் போகவில்லை.

மஞ்சள் அவன். டாட் நாலு.
பானெட் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு
பெயிண்ட் உரிந்திருந்ததை
நான் எலி என்று நினைத்திருந்தேன்.
அது ஈரம் குடிக்கும் ஆயில்.
ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழி வருகிற சாரலை
மூடியின் ஊசித்துளையில் உள்ளே வாங்கிக்கொண்டு
ஒன்றும் சொல்லாது.
ஒரு நாள் சூட்டில் கொதிக்கும், அவ்வளவுதான்.

"அப்ப என்னோடதுதானே நல்லது?"
"அப்படியும் இல்லீங்க்கா."
பின்சக்கரத்துச் சிலிண்டரைக் கழற்றித் தந்தார்.
சிலிக்கான் ஈரத்தைச் சேர்க்காது.
வந்த ஈரம் எங்கே போகும்?
பள்ளத்தில் உட்கார்ந்து
ஒரே இடத்தை அரித்துக்கொண்டிருக்கும்.
மிளகளவு குழி.
தடவினேன். விரல் மாட்டியது.

"பொது வண்டி. ரெண்டு பேரும் சொன்னாத்தான் தொடுவேன்."

வந்தான். காதோரம் நரைத்திருந்தது.
டப்பாவைத்தான் எட்டிப் பார்த்தான்.
ஏழு வருஷத்தின் முதல் வார்த்தை:
"ஊதா யாரு?"
"நான்தான்."
"ம்."

எதை ஊற்றினாலும் ரப்பரெல்லாம் புதுசு போட வேண்டும்.
சிலிக்கான் என்றால் அப்புறம் பல வருஷம்
யாரும் மூடியைத் தொட வேண்டாம்.
டாட் நாலு என்றால் வருஷாவருஷம்
ஆடி கழிந்ததும் வடித்துவிட்டு மாற்றணும்.
நாலே போதும் என்று
யார் முதலில் சொன்னதென்று தெரியவில்லை.

கடைப்பையன் லீவு.
காற்று எடுக்க இரண்டு ஆள் வேண்டும்.
நான் பெடலில், அவன் வண்டிக்கடியில்.
"மிதி."
"மிதிச்சுட்டேன்."
"பிடிச்சுக்க... விடு."
கால் மட்டும் தெரிந்தது.
செருப்பு தேய்ந்திருந்தது ஒரு பக்கமாக,
அப்பாவுக்குத் தேய்கிற பக்கம்.
"இன்னும் குமிழி வருது. மிதி."

நாலு சக்கரத்துக்கும் ஒரு மணி நேரம்.
கடைசியில் பெடல்
பாதியில் கல்லாக நின்றது.

கிணறு இன்னும் நேரப்படிதான்.
மீந்த ஊதாவை கேட்டுக் கீலுக்கு விட்டேன்,
கிறீச்சென்ற சத்தம் நின்றுவிட்டது.
இப்போது யார் வந்தாலும் தெரிவதில்லை.